மனுச்சியின் கறுப்புப் புத்தகமும் பெயர் இல்லாத ஓவியர்களும்

1754. அமெரிக்கா இன்னும் தனி நாடாகாத காலம். பாஸ்டன் நகரில் ஜான் சிங்கிள்டன் கோப்ளி என்று ஒரு பையன், வயசு 16. கிரேக்க, ரோமப் புராணக் காட்சிகளை வரைந்து பழகுகிறான். கடல் தெய்வம் நெப்டியூன் குதிரைகள் பூட்டிய வண்டியில் அலை மேல் வருவது, கடல்கன்னி கலாட்டியா, போர்த்தெய்வம் மார்ஸும் வீனஸும் என்று மூன்று நான்கு படங்கள். அந்த ஊரில் பெரிய ஓவியர்களின் அசல் படம் பார்க்க வழியே இல்லை. ஆனால் அவன் அம்மா மறுமணம் செய்துகொண்டவர் ஒரு செதுக்கு அச்சுக்காரர். அதனால் ஐரோப்பாவிலிருந்து வந்த கறுப்பு வெள்ளை அச்சுப்படங்கள் பையன் கைக்குக் கிடைத்தன. அவற்றைப் பார்த்துத்தான் வரைந்தான். வண்ணம் மட்டும் சொந்தக் கற்பனை.

அந்த நெப்டியூன் இன்று நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1756-ல் அவன் மனித உடலின் தசை, எலும்பு பழகி வரைந்த தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு சின்னப் பையன் அச்சுப்படத்தைப் பார்த்துப் பழகிய பயிற்சிப் படம். அதற்கும் பெயர் உண்டு, தேதி உண்டு, ஆள் யாரென்று தெரியும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில், அதற்குக் கொஞ்சம் முன்னாலும், நம்ம ஊர்ப் புராணங்களைத் தாளில் வரைந்தவர்கள் யார்? வரைந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. பாரிஸிலும் வெனிஸிலும் லண்டனிலும் அந்தப் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஆனால் ஆள் யார்?

பிசாசாகத் தெரிந்த சாமி

முதலில் ஒரு பின்னணி. ஐரோப்பா நம் கடவுளர்களை முதலில் பார்த்தது படமாக அல்ல, வர்ணனையாக. இத்தாலியப் பயணி லுடோவிகோ டி வர்தேமா கள்ளிக்கோட்டைக்கு வந்துபோய் 1510-ல் ரோமில் ஒரு பயணநூல் வெளியிட்டார். கள்ளிக்கோட்டை மன்னர் வணங்கும் தெய்வத்தை அவர் பிசாசு என்றே எழுதினார். போப்பாண்டவர் வைப்பதுபோல மூன்றடுக்குக் கிரீடம், கொம்புகள், பெரிய வாய், பற்கள். 1515-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வந்த ஜெர்மன் பதிப்புக்கு யோர்க் ப்ராய் என்ற ஓவியர் படம் போட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. எழுதியிருந்ததை வைத்து வரைந்தார். என்ன வரும்? தன் ஊர்ச் சுவரில் பார்த்த கிறிஸ்தவப் பிசாசுதான் வந்தது.

பார்த்தா மிட்டர் 1977-ல் எழுதிய ஒரு புகழ்பெற்ற நூல் முழுக்க இந்தக் கதைதான். ஐரோப்பியக் கண்ணில் நம் சாமிகள் எப்படி நூற்றாண்டுக் கணக்கில் அரக்கர்களாகவே தெரிந்தார்கள் என்ற கதை. இதை மாற்ற என்ன தேவைப்பட்டது? சாமியைத் தெரிந்த ஒரு கை. அந்தக் கை இங்கே, சோழமண்டலக் கரையில் இருந்தது.

சிவப்புப் புத்தகம், கறுப்புப் புத்தகம்

நிக்கோலோ மனுச்சி வெனிஸ்காரர். 1638-ல் பிறந்தவர். பதின்வயதில் கப்பலேறி வீட்டை விட்டு ஓடிவந்தவர். 1656-ல் இந்தியா வந்து, தாரா ஷிகோவிடம் பீரங்கிக்காரராக இருந்தார். பிறகு முறையான படிப்பு எதுவும் இல்லாமலே வைத்தியரானார். ஔரங்கசீப்பின் மகன் ஷா ஆலமிடம் வைத்தியம் பார்த்தார். 1686-ல் சென்னைக்கு வந்து, ஒரு விதவையை மணந்துகொண்டு, இங்கேயே தங்கிவிட்டார். பரங்கிமலையிலும் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. எலிஹு யேல் கோட்டையில் கவர்னராக இருந்த (1687–1692) அதே சென்னைதான்.

மனுச்சி தன் அனுபவங்களை 'ஸ்டோரியா டோ மோகோர்' என்ற பெரிய நூலாக எழுதினார். எழுதுகிறவர் எந்த ஊர்க்காரராகக் கிடைத்தாரோ அதற்கேற்ப போர்த்துகீசியம், பிரெஞ்சு, இத்தாலியன் என்று மொழி மாறிக்கொண்டே போகும். அந்த நூலோடு சேர்ந்தவைதான் இரண்டு படத் தொகுப்புகள். அட்டை நிறத்தை வைத்து ஒன்றைச் சிவப்புப் புத்தகம் என்கிறார்கள், இன்னொன்றைக் கறுப்புப் புத்தகம் என்கிறார்கள்.

சிவப்பில் இருப்பது முகலாய அரச குடும்பத்தாரும் மற்ற பெருந்தலைகளும். கறுப்பில் இருப்பது நம் கடவுளர்கள், கோயில்கள், திருவிழா, கல்யாணச் சடங்குகள். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள். இரண்டுமே வெனிஸுக்குப் போய்ச் சேர்ந்தன. 1797-ல் நெப்போலியன் வெனிஸைப் பிடித்தபோது சிவப்பு பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. இன்று பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. கறுப்பு வெனிஸின் மார்சியானா நூலகத்திலேயே தங்கிவிட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிவப்புப் புத்தகத்துப் படங்களை யார் மூலம் பெற்றேன் என்று மனுச்சியே சொல்கிறார். ஷா ஆலம் வீட்டில் வேலை பார்த்த மீர் முகம்மது என்ற நண்பர். பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது. கறுப்புப் புத்தகத்துக்கு? சோழமண்டலக் கரையைச் சேர்ந்த ஓவியர்கள் வரைந்தது என்ற அளவில் ஆய்வாளர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். பெயர் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மனுச்சியின் கையெழுத்துப் பிரதி பாரிஸுக்குப் போனபோது, கத்ரூ என்ற ஜெஸ்விட் பாதிரியார் அதை வெட்டிச் சுருக்கி, தன் விருப்பப்படி மாற்றி, 1705-ல் தன் நூலாக வெளியிட்டார். மனுச்சியின் பெயர் தலைப்புப் பக்கத்தில் இருந்தது, ஆனால் ஆதாரம் தந்தவர் என்ற அளவில் மட்டும். மனுச்சிக்குக் கோபமான கோபம். என் உழைப்பை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டானே என்று கொதித்துப்போய், நூலைப் புதிதாகப் பிரதி எடுக்க வைத்து வெனிஸ் ஆட்சி மன்றத்துக்கு அனுப்பினார். தன் பெயருக்காக இவ்வளவு போராடிய மனுஷன், தன் புத்தகத்துக்குச் சாமி வரைந்து கொடுத்தவர் பெயரை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

எழுத்து ஒன்று, கோடு ஒன்று

மனுச்சிக்கு நம் சமயத்தின் மேல் மரியாதை கிடையாது. நக்கலும் வெறுப்பும் கலந்துதான் எழுதுகிறார். அந்தக் காலத்து ஐரோப்பியர் பெரும்பாலோர் அப்படித்தான். ஆனால் படம் வரைந்தவர் அந்த எழுத்தைப் படித்து வரையவில்லை. அவருக்கு வேறொரு கணக்கு இருந்தது.

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் டூல்ரூமில் டிராயிங் போடுகிறவன். அதனாலோ என்னவோ, எனக்கு இந்தக் கணக்குப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். எங்கள் வேலையில் ஒரு பாகத்தை எப்படி வேண்டுமானாலும் அழகாக வரைய முடியாது. அளவு எங்கிருந்து தொடங்குகிறது, எவ்வளவு கூடலாம் குறையலாம், எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது. சிற்ப நூல்களும் அப்படித்தான். தாலம் என்று ஒரு அளவு. உச்சியிலிருந்து பாதம் வரை உருவத்தின் உயரத்தைப் பிரிப்பது. ஒரு தாலம் 12 அங்குலம். இந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருக்கும் இஞ்ச் இல்லை, அந்த உருவத்துக்கே உரிய பங்கு. சிலை ஒரு சாண் இருந்தாலும் ஒரு பனை உயரம் இருந்தாலும் விகிதம் மாறாது. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், அதாவது 124 அங்குலம். அதற்கு அடுத்தடுத்த படியில் இருப்பவர்களுக்கு 120, 116 என்று இறங்கும்.

அளவு போக, எந்தக் கையில் என்ன என்பதும் விதி. தியான சுலோகம் அதைச் சொல்லும். இதை வைத்து ஒரு படம் எந்த ஊர்க்காரர் போட்டது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். எங்கேயாவது ஒரு பழைய சிவன் படம் பார்த்தால், பின் கைகளைப் பாருங்கள். வடக்கத்திப் படங்களில் பெரும்பாலும் சூலம், உடுக்கை. நம் பக்கத்தில் ஒரு கையில் மழு, இன்னொரு கையில் துள்ளும் மான். மானும் மழுவும் இருந்தால் வரைந்த கை தெற்கத்திக் கை என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லிவிடலாம். அதேபோல விஷ்ணுவின் பின் கைகளில் சங்கும் சக்கரமும் இரண்டு விரல் நுனியில் தொட்டும் தொடாமலும் நிற்கும், சுற்றிலும் தீச்சுடர் இருக்கும். இதெல்லாம் கையெழுத்து மாதிரி. பெயர் போடாவிட்டாலும் ஊர் போட்டுவிடுகிறது.

வெள்ளைக்காரர் கேட்டதால்தான் நம்மவர்கள் படமும் கீழே விளக்கமுமாகக் கதை வரையக் கற்றார்கள் என்று சிலர் நினைக்கலாம். அதுவும் சரியில்லை. எங்கள் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய், அதைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். ஜின காஞ்சி என்பார்கள். 1387-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் மேல் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை பட்டை பட்டையாக வரையப்பட்டிருக்கிறது. ரிஷபநாதர், வர்த்தமானர், நேமிநாதர், கூடவே கண்ணன் கதையும். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே எழுத்தில் விளக்கம். செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலில் இதே முறையில் ராமாயணம், தெலுங்கு விளக்கத்தோடு. ஆக, படக்கதை போடுகிற பழக்கம் இங்கே விதானத்தில் இருந்தது. மனுச்சி மாதிரி ஆட்கள் வந்ததும் அது தாளுக்கு இறங்கியது.

அதனால்தான் கறுப்புப் புத்தகம் மாதிரித் தொகுப்புகளில் இரண்டு குரல் கேட்கிறது. எழுத்து கேலி பேசுகிறது. கோடு தியான சுலோகம் பேசுகிறது. இருநூறு ஆண்டுகளாக கள்ளிக்கோட்டைப் பிசாசையே பார்த்துக்கொண்டிருந்த ஐரோப்பாவுக்கு, விதிப்படி வரைந்த சாமியை இந்தக் கோடு காட்டியது. இதுதான் அந்தப் பெயர் தெரியாதவர்களின் சாதனை என்று நான் நினைக்கிறேன். அது சின்ன விஷயமில்லை.

யார் பெயர் நிற்கிறது?

பெயரே எழுத மாட்டார்களா என்றால், எழுதியிருக்கிறார்கள். பழவேற்காட்டில் 1630-களில் டச்சுப் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், தனக்கு இந்து சமயத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பத்மநாபன் என்ற பிராமணர் என்று பெயர் சொல்லியே எழுதினார். நூல் 1651-ல் லெய்டனில் வெளிவந்தது. ஆக, வாயால் சொன்னவருக்குப் பெயர் உண்டு. கையால் வரைந்தவருக்கு இல்லை.

தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு கதை இன்னொரு மாதிரி. அவர் 1713-ல் தென்னாட்டுத் தெய்வங்களின் வம்சாவளியை ஒரு பெரிய நூலாக எழுதி முடித்தார். சிவன், விஷ்ணுவோடு நிற்காமல் ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி என்று ஊர்த் தெய்வங்கள் வரை வருகிறது. அதை ஜெர்மனிக்கு அனுப்பினால், உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, இங்கே பரப்ப அல்ல என்ற தோரணையில் பதில் வந்தது. நூல் 1867-ல்தான் அச்சேறியது. அதுவும் சென்னையில். 154 வருஷம் தூங்கியது.

பிறகு பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னரா. 1782-ல் பாரிஸில் வந்த அவர் பயணநூலில் நம் தெய்வங்களின் செதுக்குப் படங்கள் நிறைய உண்டு. பிள்ளையார் 'பொல்லேயார்' என்றும் மன்மதன் 'மன்மதின்' என்றும் வருகிறார்கள். தமிழ் வாயிலிருந்து கேட்டு எழுதியது என்பது தெளிவாகத் தெரிகிறது. இங்கேயும் சொன்னராவின் பெயர் தெரியும், செதுக்கிய புவாசோனின் பெயர் தெரியும். இங்கே உட்கார்ந்து சாமி வரைந்தவர்களின் பெயர் தெரியாது.

19-ஆம் நூற்றாண்டு வந்ததும் இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தெய்வப் படத் தொகுப்புகள் தயாராயின. திருச்சியில் அபிரகத் தகட்டில், அதாவது காக்காப்பொன்னில், சின்னச் சின்னதாக வரைந்து விற்றார்கள். ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவுக்கும் போனது. 1837-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி டேனியல் பூர் (யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியவர்) 72 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை ட்வைனிங் என்ற பாதிரியாருக்குப் பரிசாகக் கொடுத்தார். இதில் இருப்பது சாமிகள் இல்லை, மதுரைச் சாதிகளும் அவர்களின் உடை நகைகளும். ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதியிருக்கிறது. இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் தெரியும், வாங்கியவர் பெயர் தெரியும். மூன்றாவது ஆளைப் பற்றி நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

செருப்புத் தைப்பவரும் சாமி வரைபவரும்

கம்பெனி ஆவணங்களில் இந்த ஓவியர்களில் பலருக்கு 'மூச்சி' என்று பெயர். ஓவியமும் தோல் வேலையும் இரண்டும் செய்த மராத்தி வழிச் சமூகம் என்று எட்கர் தர்ஸ்டன் 1909-ல் எழுதுகிறார். சென்னை அரசு அலுவலகங்களில் 'மூச்சி' என்று ஒரு பணியிடமே இருந்தது. பேனா சீவுவது, மைக்கூடு நிரப்புவது, கணக்குப் புத்தகத்துக்குக் கோடு போடுவது, பைண்டிங் செய்வது. சாமிக்குக் கோடு போட்ட சமூகத்தின் பெயர் கடைசியில் லெட்ஜருக்குக் கோடு போடுகிற வேலைக்குப் பெயரானது.

இங்கே கோப்ளி மறுபடி நினைவுக்கு வருகிறார். பெரியவனானதும் பாஸ்டனில் நல்ல சம்பாத்தியம். ஆனாலும் ஒரு கடிதத்தில் புலம்புகிறார்: இந்த ஊர் ஜனங்கள் ஓவியத்தைத் தச்சு வேலை, தையல், செருப்புத் தைப்பது மாதிரி ஒரு தொழிலாகத்தான் பார்க்கிறார்கள் என்று. 1774-ல் ஐரோப்பாவுக்கே போய்விட்டார். அவருக்குப் போக ஒரு இடம் இருந்தது. நம் மூச்சிக்கு அது வெறும் ஒப்புமை இல்லை, நிஜமாகவே செருப்பும் படமும் ஒரே வீட்டுத் தொழில்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும். "நம்ம மரபுல கலைஞன் பெயர் போட மாட்டான், அது சாமி காரியம், அகங்காரம் கூடாது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி என்று ஊர். அங்கே பாறையில் பல்லவர் காலத்துக் கல்தச்சர்கள் தங்கள் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். கேவாத பெருந்தச்சன், கொல்லன் ஸேமகன், பய்யமிழிப்பான் என்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் நிற்கிறார். ஹொய்சளக் கோயில்களில் சிற்பிகள் சிலைக்கடியிலேயே பெயர் வெட்டியிருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் பெயர் போட்டிருக்கிறார்கள். கிடைக்காத இடத்தில் போடவில்லை. அதை அடக்கம் என்று நாம் பின்னால் பெயர் வைத்துக்கொண்டோம்.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் டிராயிங் ஒவ்வொன்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் உண்டு, டைட்டில் பிளாக். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று இடம். முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில், நாங்கள் போட்ட டிராயிங் வெளிநாட்டுத் தலைமையகத்துக்குப் போய்விட்டு அவர்கள் படிவத்தில் திரும்பி வரும். ஒப்புதல் தந்தவர் பெயர் பத்திரமாக இருக்கும். வரைந்தவர் இடத்தில் ஒரு சின்னக் கோடு. கூட இருந்தவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சம்பளம் வந்தது. ஆனால் ஐம்பது வருஷம் கழித்து அந்த டிராயிங்கைப் பார்க்கிறவனுக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யாரோ ஒருத்தர் அதை யோசித்து வரைந்தார் என்று தெரிய வழியில்லை. அகங்காரம் இல்லாததால் விட்டுப்போன பெயர் இல்லை அது. கட்டத்தை நிரப்பும் பேனா வேறொருவர் கையில் இருந்தது.

மூலைக்குப் பெயர் வந்தபோது

சாமி படத்துக்கு ஓவியர் பெயர் வீடு வீடாகப் போனது அச்சு வந்தபிறகுதான். ரவி வர்மா 1894-ல் சொந்தமாக அச்சகம் போட்டார். அடுத்த நூற்றாண்டில் நம் பக்கத்துக்குக் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதுவது கொஞ்ச காலம், பிறகு கோவில்பட்டியில் நிலைத்தார். அவரும் சீடர்களும் வரைந்த முருகன், மீனாட்சி, லட்சுமி எல்லாம் சிவகாசியில் லட்சக்கணக்கில் அச்சாகிக் காலண்டராகத் தொங்கின. ஒரகடம் சிப்காட்டில் ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைத்து, பக்கத்தில் சாத்தி வைக்கிற படங்கள் பலவும் இந்த வழி வந்தவைதான். அவற்றிலும் மான், மழு இருக்கும், சங்கு விரல் நுனியில் நிற்கும். கூடவே, மூலையில் சின்னதாக ஒரு பெயரும் இருக்கும்.

அந்தப் பெயரை நாம் யாரும் படிப்பதில்லை, அது வேறு விஷயம். சாமியைப் பார்க்கிறோம், கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், போய்விடுகிறோம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வீட்டில் தாத்தா பாட்டி காலத்து சாமி படம் இருந்தால், கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்துவிட்டுக் கீழ் மூலைகளைப் பாருங்கள். பல நேரம் சட்டம் போடுகிறவர் அந்த ஓரத்தை மறைத்து அடித்திருப்பார், மெதுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஓவியர் பெயரோ, அச்சகத்தின் பெயரோ, ஊரோ இருந்தால் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள், தேதியோடு. பழைய கையெழுத்துப் படங்கள், அபிரகப் படங்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு போட்டோ எடுத்துவிட்டு, அது எந்த ஊரில் யார் வீட்டிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மனுச்சி ஒரு வரி எழுதாமல் விட்டதற்கு முன்னூறு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் படத்துக்கு அந்த ஒரு வரியை நாம் எழுதிவிடலாம்.